தாடையெலும்பு ஆஸ்டியோசார்கோமா: நோயறிதலும் அறுவை எல்லையும்

உடலில் தோன்றும் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ 6 முதல் 8 விழுக்காடு தாடையெலும்புகளைப் பற்றுகின்றன. முழங்காலை ஒட்டிய எலும்புகளில் இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தில் தலைகாட்டும். தாடையில் வருவோரின் சராசரி வயது முப்பதுகளின் நடுப்பகுதி. கால் எலும்பில் வந்தால் நுரையீரலுக்குப் பரவுவதே பெரும் அச்சம். தாடையில் அப்பரவல் குறைவு. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அறுத்த இடத்திலேயே மீண்டும் முளைக்கும் கட்டிதான். ஆகவே கால் எலும்பு நோயிலிருந்து பெற்ற மருத்துவ முடிவுகளை அப்படியே தாடைக்குப் பொருத்துவது தவறு. இங்கே முதல் அறுவையின் எல்லை எவ்வளவு தூய்மையாக அமைகிறது என்பதே நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது.

நோயாளி முதலில் செல்வது பல் மருத்துவரிடம். தாடை வீக்கம், விட்டுவிட்டு வரும் வலி, காரணமின்றி ஆடும் பல், கீழுதடும் மோவாயும் மரத்துப்போதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயைப் போல இதில் தொடக்கத்தில் புண் இருக்காது. கட்டியின் மேல் ஈறு வழவழப்பாக மூடியிருக்கும். அதனால் ஈறுநோய் என்று கருதிப் பல்லைப் பிடுங்கிவிடுவது அடிக்கடி நேர்கிறது. குழி ஆறாமல் அதிலிருந்து சதை துருத்தும்போதுதான் ஐயம் பிறக்கிறது. அதற்குள் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

இந்தக் காலதாமதத்தைத் தவிர்க்கும் தடயம் சாதாரணப் பல் எக்ஸ்ரேயிலேயே உண்டு. பல்லின் வேரையும் எலும்பையும் பிணைக்கும் இழைநார் படத்தில் மெல்லிய கருங்கோடாகத் தெரியும். கட்டியின் உயிரணுக்கள் அந்த இழைநாரின் வழியே ஊடுருவிச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும்போது, வேரின் இருபுறமும் அக்கோடு ஒரே சீராக அகலமாகிறது. 1967இல் கேரிங்டனும் உடன் ஆய்வாளர்களும் 56 நோயாளிகளை ஆராய்ந்து இதை முன்கூட்டிய அறிகுறியாக வலியுறுத்தினர். சூரியக் கதிர்போல எலும்பு விரியும் தோற்றத்தையே மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அது சிறுபான்மையோரிடம்தான் காணப்படுகிறது. பல் சீரமைப்புக் கம்பி, கடியின் அழுத்தம், தோல் இறுக்க நோய் ஆகியவற்றாலும் இக்கோடு அகலமாகலாம். அவை எதுவும் இல்லாமல், ஈறும் நன்றாயிருக்க, ஓரிரு பற்களைச் சுற்றி மட்டும் கோடு அகன்றிருந்தால் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்புவதே முறை.

திசு ஆய்விலும் பொறிகள் உண்டு. ஆஸ்டியாய்டு எனப்படும், சுண்ணச்சத்து ஏறாத எலும்புப் பொருளைப் புற்றணுக்களே நேரடியாகச் சுரப்பதுதான் இந்நோயின் இலக்கணம். தாடைக் கட்டிகளிலோ குருத்தெலும்பு மிகுந்த வகை ஏராளம். மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த துணுக்கில் குருத்தெலும்பு மட்டுமே சிக்கினால் அறிக்கை தடம் மாறிவிடும். தாடையில் தீங்கற்ற குருத்தெலும்புக் கட்டி மிக அரிது என்பதால், அப்படியொரு அறிக்கையை ஆஸ்டியோசார்கோமா அல்ல என்று நிறுவும் வரை நம்பலாகாது. வீரியம் குறைந்த வகை நார்மிகு எலும்பு நோயைப் போலவே தோன்றும்; இரண்டையும் பிரித்தறிய எம்.டி.எம்.2 மரபணுப் பெருக்கம் துணை நிற்கிறது.

பெரும்பாலோரிடம் காரணம் புலப்படுவதில்லை. முன்பு பெற்ற கதிர்வீச்சு சிலருக்குக் காரணமாகிறது. அதை உறுதிசெய்யும் அளவுகோல்களைக் காஹன் குழுவினர் 1948இல் வகுத்தனர். பிற காரணங்களில் பேஜட் நோயும் லி-ஃப்ராமேனி மரபுக் குறைபாடும் குறிப்பிடத்தக்கவை.

கீமோதெரபி குறித்த விவாதமே இத்துறையில் மிகச் சிக்கலானது. கை கால் எலும்பு நோயாளிகளிடம் நடத்தி 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவைக்குப் பின் கீமோதெரபி பெற்றோரில் 66 விழுக்காட்டினர் இரண்டாண்டு நோய் திரும்பாமல் இருந்தனர். பெறாதோரில் 17 விழுக்காட்டினரே. தாடைக்கு இத்தகைய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. 1997இல் வெளிவந்த இரு தொகுப்பாய்வுகளில், ஸ்மீலே குழு கீமோதெரபியால் ஆயுள் கூடுகிறது என்றது. காசிர் குழு அப்பயனைக் காணவில்லை. வெவ்வேறு மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளைத் திரட்டியதால் வந்த முரண் இது. நோய் முற்றியவர்களுக்கும் எல்லை தூய்மையாக அமையாதவர்களுக்கும்தான் மருந்து மிகுதியாகத் தரப்பட்டிருக்கும். இரு தரப்பும் மறுக்காதது ஒன்றே: சுற்றியுள்ள நோயற்ற திசுவோடு கட்டி முழுமையாக அகற்றப்பட்டவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள்.

கீழ்த்தாடையில் அப்படி முழுமையாக அகற்றுவது பெரும்பாலும் இயலும். மேல்தாடையில் கண்குழியும் மண்டையோட்டின் அடித்தளமும் கத்தியைத் தடுக்கின்றன. கழுத்து நெறிக்கட்டுகளுக்கு இந்நோய் அரிதாகவே பரவுவதால், வாய்ப் புற்றுநோயில் செய்வதுபோலக் கழுத்தை வழக்கமாகத் திறக்க வேண்டியதில்லை. அறுவையின்போதே மென்திசுவின் ஓரத்தை உறையவைத்துச் சோதித்துவிடலாம்; கடினமான எலும்பின் ஓரத்தை அப்படிச் சீவ முடியாது. அமிலத்தில் சுண்ணத்தைக் கரைத்து முடிவு தெரியப் பல நாட்களாகும். எனவே எலும்பை எங்கே வெட்டுவது என்பதைச் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு முன்னரே தாராளமாக வரையறுக்க வேண்டும். இழந்த தாடையைக் காலின் மெல்லிய வெளிப்புற எலும்பால் மீட்டமைக்கும் முறையை 1989இல் ஹிடால்கோ அறிமுகப்படுத்தியபின், முகம் உருக்குலையும் என்றஞ்சி எல்லையைச் சுருக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது.