ஆஸ்திரேலிய வீட்டு வெப்பக்காப்புத் திட்டமும் தொழிலாளர் பயிற்சியும் (2009–2010)

ஆஸ்திரேலிய வீட்டு வெப்பக்காப்புத் திட்டம் என்பது உலகப் பொருளாதார நெருக்கடியின்போது கெவின் ரட் அரசு 2009 பிப்ரவரி 3 அன்று அறிவித்த ஊக்கத் தொகுப்பின் ஒரு பகுதி. வீடுகளின் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே வெப்பக்காப்புப் பொருள் பதிக்க, வீடொன்றுக்கு 1,600 டாலர் வரை அரசே கொடுத்தது. சுமார் 27 லட்சம் வீடுகளை இரண்டரை ஆண்டுகளில் முடிப்பது இலக்கு. மின்செலவைக் குறைப்பது ஒரு நோக்கம். தொழில்திறன் இல்லாதவர்களுக்கு உடனடி வேலை தருவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பின்னாளில் விசாரணை ஆணையம் கூறியது.

கூரைக்குள் நடக்கும் இவ்வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும். பஞ்சை விரிக்க வேண்டும், அல்லது அலுமினியத் தாளை உட்கூரையின் மரச்சட்டங்களில் ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்த வேண்டும். ஆனால் அதே சட்டங்களின் மேல்தான் மின்கம்பிகளும் ஓடுகின்றன. உலோக ஊசி ஒன்று கம்பியின் உறையைத் துளைத்தால் தாள் முழுவதிலும் மின்சாரம் பாயும். வியர்வையில் நனைந்தபடி அதன்மேல் தவழ்பவர் தப்புவது அரிது. பழைய வீடுகள் பலவற்றில் விளக்குச் சுற்றுகளுக்கு மின்கசிவுத் துண்டிப்பானும் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுவதே முதல் பாடம். நியூசிலாந்தில் 2007இல் இதே முறையில் மூவர் இறந்திருந்தனர்.

தொடக்க வரைவில், கூரைக்குள் ஏறும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றே இருந்தது. 2009 ஜூலை 1க்குள் தொடங்கியாக வேண்டிய நெருக்கடியில் அது தளர்ந்தது. தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்தால் போதும் என்றானது. மேற்பார்வையாளர் கூரைக்குள் உடன் இருக்க வேண்டுமா, ஒருவர் எத்தனை பேரைக் கவனிக்கலாம் என்பதெல்லாம் உறுதியாக வரையறுக்கப்படவில்லை. திட்டத்தின் மிகப் பெரிய பிழை இதுவே எனலாம். சில நூறு நிறுவனங்களே இருந்த தொழிலில், பதிவுசெய்தவை சில மாதங்களில் பல ஆயிரங்களாயின. அத்தனை பேரையும் மேற்பார்வையிட அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள்?

2009 அக்டோபர் 14 அன்று பிரிஸ்பேனுக்குத் தெற்கே மெடோபுரூக்கில் அலுமினியத் தாள் பொருத்திய 25 வயது இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார். உலோக ஊசிகள் நவம்பர் முதல் தடை செய்யப்பட்டன. ஆனால் பயிற்சி விதி உடனே மாறவில்லை. நவம்பர் 18 அன்று ராக்ஹாம்ப்டன் அருகே 16 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். அவன் பதித்தது கண்ணாடியிழைப் பஞ்சு. ஊசியை மட்டும் தடை செய்தது போதாது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அதே மாதம் சிட்னியில் 19 வயதுத் தொழிலாளி கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தால் உயிரிழந்தார். 2010 பிப்ரவரி 4 அன்று வடக்குக் குவீன்ஸ்லாந்தின் மில்லா மில்லாவில் 22 வயது இளைஞர், மீண்டும் அலுமினியத் தாள் வேலையில், இறந்தார். அதன் பிறகே அலுமினியத் தாள் நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 19 அன்று திட்டமே கைவிடப்பட்டது. அதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை முடிந்திருந்தது.

சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் காரெட் எரிசக்தித் திறன் திட்டங்களுக்கான பொறுப்பை இழந்தார். குவீன்ஸ்லாந்தில் நிறுவனங்கள் சிலவற்றுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இயன் ஹேங்கர் தலைமையிலான அரச ஆணையம் 2014இல் அளித்த அறிக்கை, பயிற்சி நிபந்தனை தளர்த்தப்பட்டதைக் கடுமையாகக் குறை கூறியது. தொழிலாளர் பாதுகாப்பு மாநிலங்களின் பொறுப்பு என்று நடுவண் அரசு நம்பியிருந்ததையும் அது ஏற்கவில்லை. அலுமினியத் தாள் பதித்த சுமார் 50,000 வீடுகளுக்கு மின்பணியாளர்கள் மீண்டும் அனுப்பப்பட்டனர். தாளை அகற்றவோ துண்டிப்பான் பொருத்தவோ செலவை அரசே ஏற்றது.