முதலைக்குக் கட்டும் வீடு

நம் அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்ததிலிருந்து, "அங்க என்ன சார் கட்டுவாங்க, தொட்டியா, குளமா?" என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். நான் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், பொறியாளன் இல்லை. ஆனால் மனிதன் முதலையை எங்கே, எப்படி அடைத்து வைத்தான் என்பதைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இலக்கியத்தில், மனிதன் வெட்டிய நீரில் முதலை கிடக்கும் இடம் கோட்டை அகழி. சோழன் கிள்ளிவளவனை மாறோக்கத்து நப்பசலையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (37-ஆம் பாட்டு) அப்படி ஒரு அகழி வருகிறது. இரவுக் காவலர் கையில் இருக்கும் விளக்கின் ஒளி தண்ணீரில் விழுகிறது. அதை இரை என்று நினைத்து முதலை கவ்வப் பாய்கிறது. இதை எழுதியவர் முதலையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. நமக்கு இன்று ஒரே பெயர்தான் மிச்சம்.

அகழி வெட்டியவன் முதலையின் சௌகரியத்தை நினைத்து வெட்டவில்லை, எதிரியை நினைத்து வெட்டினான். ஆனாலும் முதலைக்கு ஆழமான தண்ணீரும் மண் கரையும் கிடைத்துவிட்டன. பிற்காலத்து மிருகக்காட்சி சாலைகளில் அதுவும் போயிற்று. ஒரு சிமெண்ட் தொட்டி, முழங்கால் அளவு தண்ணீர், சுற்றிலும் சுவர். மேலே நின்று எட்டிப் பார்க்கும் கூட்டம் "பொம்மையா, உயிரா?" என்று கல்லை விட்டெறியும். முதலை அசையாமல் கிடப்பது சோம்பலால் அல்ல. அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ள வேண்டும், மிஞ்சினால் நிழலுக்கோ தண்ணீருக்கோ போக வேண்டும். வாயைப் பிளந்து வைத்திருப்பதும் பெரும்பாலும் சூட்டைத் தணிக்கத்தான், நம்மைக் கடிக்க அல்ல. சிமெண்ட் தொட்டியில் இந்த வெயில், நிழல், ஆழம் மூன்றுக்கும் வழியில்லை.

மாற்றம் 1970-களில் வந்தது. தோல் வியாபாரத்தால் முதலை இனமே அருகிப்போன நேரம். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1975-ல் மத்திய அரசின் முதலைப் பாதுகாப்புத் திட்டம், 1976-ல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை. வேடிக்கை காட்டுவது மட்டும் அங்கே நோக்கமில்லை. முதலை முட்டையிட வேண்டும், இனம் பெருக வேண்டும். அதனால் கட்டும் முறையே மாறியது. சதுப்பு நில முதலை கரை மணலில் குழி தோண்டி, 25, 30 முட்டை இட்டு மூடும். அந்தக் குழியின் சூடுதான் குஞ்சு ஆணா, பெண்ணா என்று தீர்மானிக்கிறது! ஆகவே மணல் மேடு அலங்காரம் அல்ல, அது பிரசவ அறை. நல்ல இடம் கிடைத்ததும் சில பெண் முதலைகள் ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிட்டதை அங்கேதான் கண்டறிந்தார்கள்.

பெருகியது, பெருகிக்கொண்டே போனது. 1990-களில் ஆறுகளில் விடுவதும் நின்றுபோக, பண்ணை நிரம்பி வழிந்தது. கடைசியில் 1000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடாகி, அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தள்ளுபடி செய்தது. பிள்ளைகுட்டிகளைக் கணக்கில் சேர்க்காமல் வீடு கட்டினால் வரும் நெருக்கடி இது.

பெரிய முதலை என்றால் சிக்கல் இன்னும் பெரிது. வளர்ந்த ஆண் இன்னொரு ஆணைப் பக்கத்தில் விடாது. வடநெம்மேலியில் 16 அடிக்கு மேல் நீளமுள்ள ஜாஸ் என்ற உவர்நீர் முதலைக்குத் தனி இடம். பிலிப்பைன்ஸில் 2011 செப்டம்பரில் பிடித்த லோலோங் 6.17 மீட்டர் நீளம், எடை 1000 கிலோவுக்கு மேல். அடைத்து வைக்கப்பட்ட முதலைகளிலேயே பெரியது என்று கின்னஸில் ஏறியது. கூட்டம் அலைமோதியது. 2013 பிப்ரவரியில் அது இறந்தது. நிமோனியா, பூஞ்சைத் தொற்று, மன அழுத்தம் என்றார்கள். பிடித்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. ஆற்றில் பல்லாண்டு வாழ்ந்த உடம்பு அது.

நம் கொள்ளிடத்தில் இருப்பவை சதுப்பு நில முதலைகள், இந்த அளவுக்கு வளராதவை. கரை மண்ணில் வளை தோண்டிக் கோடையைக் கழிப்பவை. அதனால் சுவரின் அடித்தளம் ஆழமாகப் போக வேண்டும். உயரமும் வெள்ளக் கணக்கில் வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துப் போனதைப் பார்த்தவர்கள் நாம். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணைக்குப் பக்கத்தில் முதலையை வைத்துக்கொண்டு, வெள்ளம் வராது என்று யாரும் நினைக்கக் கூடாது. தண்ணீர் மாற்ற ஒரு மடை, சுத்தம் செய்யும்போது ஒதுக்கி அடைக்கப் பக்கத்தில் சின்னக் குளம், பார்ப்பவர்களுக்கு ஒரே பக்கம் மட்டும் இடம். இவ்வளவும் நம் ஊர்க் கொத்தனார்கள் செய்யக்கூடிய வேலைதான்.

இன்னொரு கட்டுமானமும் உண்டு. இப்போது ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்துச் சிதம்பரம் பக்கம் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். ஆனால் ஆற்றில் இருப்பவை இருக்கத்தான் செய்கின்றன. பழைய கொள்ளிடக் கரையில் ஆடு மாடு மட்டுமல்ல, மனித உயிரும் போயிருக்கிறது. இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா ஆற்றில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? படித்துறையை ஒட்டி ஆற்றுக்குள்ளேயே வேலி அடைத்து, அதற்குள் மனிதர்கள் குளிக்கிறார்கள். முதலை வெளியே, நாம் கூண்டுக்குள்! அணைக்கரை மையத்துக்கான திட்டத்தோடு, கொள்ளிடக் கரைப் படித்துறைகளுக்கும் இப்படி வேலி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ள கரையோர ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.