லயமும் உள்ளூராட்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

உள்ளூராட்சி மன்றங்களின் பணிகளுள் மக்களின் அன்றாட வாழ்வோடு மிக நெருங்கியது கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் பணியாகும். வீடு கட்ட விழையும் ஒருவர் வரைபடத்தைச் சபையிடம் சமர்ப்பிக்கிறார். வீதிக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிக் கட்டவேண்டும், காற்றும் வெளிச்சமும் எவ்வழி வரவேண்டும், கழிவுநீர் எங்கே செல்லவேண்டும் என்பன ஆராயப்பட்டு அனுமதி வழங்கப்படுகிறது. கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் கிடைக்கிறது. பின்னர் வீடு வரி இடாப்பில் ஏறுகிறது. அதனோடு அவ்வீட்டுக்கு ஓர் இலக்கமும், அதில் வாழ்வோர்க்கு ஒரு முகவரியும் உண்டாகின்றன. மலையகத் தோட்ட மக்களுக்கு இப்பணி நெடுங்காலம் எட்டாதிருந்தமைக்கான காரணம் ஆராயத்தக்கது.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே, 1885 இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையில் அமைந்தது வட்டகொடை. ஏனைய தோட்டப் பகுதிகளிற் போன்றே இங்கும் கடைவீதி ஒருபுறமும், தேயிலை மலைகளும் லயங்களும் மறுபுறமும் உள்ளன. கடைவீதியிற் கட்டடம் எழுப்புவோர் சபையின் அனுமதியை நாடினர். சிறிது தூரத்திலுள்ள லயத்தில் வாழ்ந்தோரோ, ஒழுகும் கூரையை மாற்றுதற்கும் தோட்டத் துரையின் சொல்லுக்கே காத்திருந்தனர். இவ்வேறுபாட்டை உண்டாக்கியது நிலத்தின் அமைப்பு அன்று, சட்டத்தின் அமைப்பேயாகும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவே லய அறைக்குரிய வழக்கமான அளவாயிற்று. அதற்குள்ளேயே ஒரு குடும்பத்தின் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நிகழ்ந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்புறச் சன்னலுக்கும் இடமில்லை. பிரித்தானியாவில் 1909 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகரத் திட்டமிடற் சட்டம் முதுகொட்டிய தொழிலாளர் வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடைசெய்தது. இலங்கையிலும் 1915 இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அது நகரங்களை நோக்கியே ஆக்கப்பட்டது. தோட்ட லயங்கள், 1912 இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள், தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச்சட்டங்களின் பார்வைக்கே விடப்பட்டன. நகரவாசியின் வீடு குடியிருப்பாகக் கருதப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் வீடு உழைப்புக்கு வேண்டிய சாதனமாகவே கருதப்பட்டது. லயத்தின் வரலாற்றை விளங்குதற்கு இவ்வேறுபாடே திறவுகோல் எனலாம்.

கிராம ஆட்சியிலும் இந்நிலையே நிலவியது. கிராமச் சபைகளின் வாக்குரிமையை விரிவாக்கும் திருத்தம் 1937 இல் அரசாங்க சபைக்கு வந்தபோது, தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளர்க்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதாரின் குடியிருப்புப் பற்றிக் கவலைகொள்ள எந்த உறுப்பினர்க்கும் தேவை எழவில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது நிலத்தின் உரிமையாளர் மாறினாரேயன்றி, அதில் வாழ்வோரின் நிலை மாறவில்லை.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் புதிய முரண்பாடொன்றைத் தோற்றுவித்தது. மறு ஆண்டில் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. தோட்ட மக்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தனர். அவர்களிடையேயிருந்து உறுப்பினர்களும் தவிசாளர்களும் தெரிவாயினர். எனினும் அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களினுள்ளே செலவிடுதற்குத் தடையாகப் பொருள்கொள்ளப்பட்டது. தம்மைத் தெரிந்தனுப்பிய லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடவும் அவ்வுறுப்பினர்க்கு அதிகாரம் இருக்கவில்லை. வாக்கு எல்லையைக் கடந்தது; சேவை எல்லையிலேயே நின்றது.

திட்டமிடற் சேவை இல்லாமையின் விளைவு வசதிக்குறைவோடு முடிவதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; ஆனால் அம்மக்கள் தாமாக வேறிடம் சென்று கட்டுதற்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. செங்குத்தான சரிவுகளையுடைய வட்டகொடை போன்ற இடங்களுக்கும் இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

2018 இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டது; தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் பணியாற்ற வழி பிறந்தது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரும் பிரதேச சபைகளின் இடத்தில் ஆறு சபைகள் இயங்கத் தொடங்கின. 2015 இன் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் அமைக்கும் திட்டமும், இந்திய உதவியுடனான வீடமைப்பும் முன்னெடுக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கட்டட விண்ணப்பம் காணியுரிமையைக் கேட்கிறது. தோட்ட நிலமோ அரசுடையது. முகாமை 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் உள்ளது. அந்நிலத்தில் தலைமுறைகளாக வாழ்பவர், காணியுறுதி கைக்கு வரும்வரை, விண்ணப்பதாரர் என்ற நிலையை எய்துவதில்லை. தாமே சேர்த்த பணத்தில் லயத்தோடு ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவோர், சபையின் அனுமதியுமின்றி, பொறியியல் ஆலோசனையுமின்றியே அதைச் செய்கின்றனர். அவ்வறை எந்த இடாப்பிலும் ஏறுவதில்லை. அதனைக் காட்டி வங்கியிற் கடன் பெறவும் இயலாது.

ஆகவே, சபைக்கு அதிகாரம் வழங்கிய 2018 ஆம் ஆண்டின் திருத்தம் பாதி வழியையே கடந்துள்ளது எனலாம். மறு பாதி காணியுறுதியில் தங்கியுள்ளது. சட்டப்படி உறுதி பெற்ற காணியில், சரிவும் நீரோட்டமும் ஆராயப்பட்டு, தம் பெயரிலேயே வரைபடம் சமர்ப்பித்து ஒரு தோட்டத் தொழிலாளி வீடு கட்டும் நிலை பொதுவழக்காகும்போதே, லயத்தைச் சூழ வரையப்பட்ட பழைய எல்லைக்கோடு உண்மையில் அழிந்ததாகும்.