தாத்தா காலத்துப் புலித்தோல், மான் கொம்பு வீட்டில் இருக்கிறதா? பதிவு, அடையாளக் குறி, சான்றிதழ்: சட்டம் சொல்வது என்ன?

பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் மான் கொம்பு. பூஜை அறையில் மடித்து வைத்திருக்கும் மான் தோல். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் புலிநகம். விரலில் யானை முடி மோதிரம். "இதெல்லாம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு, இப்ப யார் வந்து கேட்கப் போறாங்க?" என்றுதான் பல வீடுகளில் பேச்சு.

கேட்பார்கள். 2023 அக்டோபரில், கன்னட பிக் பாஸ் நிகழ்ச்சியில் பங்கேற்றுக் கொண்டிருந்த ஒருவரை, புலிநக டாலர் அணிந்திருந்ததற்காகக் கர்நாடக வனத்துறை கைது செய்தது. அதன் பிறகுதான் பலர் தங்கள் கழுத்தில் கிடப்பது என்னவென்றே குனிந்து பார்த்தார்கள்.

பொருள் எத்தனை தலைமுறை பழையது என்பது சட்டத்தின் முதல் கேள்வி இல்லை. அது அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா, உங்கள் பெயரில் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பதிவு எப்படி நடக்கிறது, தவறினால் என்ன ஆகும், இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இந்தியாவில் வேட்டைக்கு லைசென்ஸ் இருந்ததா?

இருந்தது. 1972-ல் வந்த வன உயிரின பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முதல் நாளே முழுமையாகத் தடை செய்துவிடவில்லை. சிறப்பு விலங்கு வேட்டை, பெரிய விலங்கு வேட்டை, சிறிய விலங்கு வேட்டை, உயிருடன் பிடிப்பது என நான்கு வகை உரிமங்கள் அதில் இருந்தன. புள்ளிமான், கடமான் போன்றவை 'பெரிய விலங்கு' பட்டியலில் வந்தன.

உரிமம் வாங்கியவர் சுட்டதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போய்விட முடியாது. எதைக் கொன்றார், எதைப் பிடித்தார் என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். 15 நாட்களுக்குள், அல்லது அந்த வேட்டைப் பகுதியை விட்டுக் கிளம்பும் முன், இதில் எது முந்தியோ அதற்குள் எழுத்துபூர்வமாக வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

1991-ல் நடந்த திருத்தத்தில் இந்த உரிமங்களும் பதிவேட்டு விதியும் நீக்கப்பட்டன. பொழுதுபோக்கு வேட்டைக்கு அதோடு கதவு மூடியது. ஆனால், அதற்கு முன் வேட்டையாடிய விலங்குகளின் தோலும் கொம்பும் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான்.

இன்றும் சில இடங்களில் சுட அனுமதிக்கிறார்களே?

மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு, குணப்படுத்த முடியாத நோயுள்ள விலங்கு, பயிரை அழிக்கும் சில விலங்குகள் ஆகியவற்றைக் கொல்ல, சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ் அனுமதி தரலாம். கேரளாவில் பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது.

ஆனால், அது வேட்டை லைசென்ஸ் அல்ல. அனுமதியோடு கொல்லப்பட்ட விலங்கும் அரசின் சொத்துதான் என்கிறது 39-வது பிரிவு. இறைச்சியைப் பங்கு போட முடியாது. தலையைப் பாடம் செய்து மாட்ட முடியாது. காட்டில் செத்துக் கிடந்த விலங்குக்கும், தவறுதலாகக் கொல்லப்பட்டதற்கும் இதே விதி. அப்படி ஒரு பொருள் எந்த வழியில் உங்கள் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற வன அதிகாரியிடமோ தகவல் சொல்ல வேண்டும்.

எதெல்லாம் இந்த விதியில் வரும்?

நினைப்பதைவிட அதிகம். பாடம் செய்த தலை, தோல், விரிப்பு மட்டுமல்ல. கொம்பு, எலும்பு, ஓடு, முடி, இறகு, நகம், பல், தந்தம், கஸ்தூரி, முட்டை, கூடு எல்லாமே சட்டத்தின் பட்டியலில் உள்ளன. யானை முடி மோதிரமும் புலிப்பல் டாலரும் 'சின்னப் பொருள்' என்று தப்பிக்க முடியாது.

மயிலின் வால் தோகை மட்டும் விதிவிலக்கு. அதை வைத்திருப்பது குற்றமில்லை. அதற்காக மயிலைக் கொன்றால், அது கடுமையான குற்றம்.

2022 திருத்தத்துக்குப் பிறகு, விலங்குகள் முதல் அட்டவணை, இரண்டாம் அட்டவணை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. புலி, சிறுத்தை, யானை, காண்டாமிருகம், வெளிமான் எல்லாம் உச்சப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணையில் வருபவை.

எப்போது பதிவு செய்திருக்க வேண்டும்?

மூன்று வாசல்கள் இருந்தன. இரண்டு மூடிவிட்டன.

முதலாவது, சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்கள். அமலுக்கு வந்த தேதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பொருட்களை வைத்திருந்தவர்கள் அந்தக் கெடுவுக்குள் தலைமை வன உயிரின காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 2003-ல் மத்திய அரசு கொடுத்த பொது வாய்ப்பு. முதல் முறை தவறவிட்டவர்களுக்கு, அந்த ஆண்டு ஏப்ரல் 18 முதல் 180 நாட்கள் அவகாசம். அதற்குள் அறிவித்தவர்கள் மீது, முன்பே அறிவிக்காமல் விட்டதற்காக வழக்கு இல்லை.

மூன்றாவது வாசல் மட்டும் இன்றும் திறந்திருக்கிறது. வாரிசுரிமையாக ஒரு பொருள் உங்களுக்கு வந்தால், வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அப்பா இறந்த துக்கத்தில், பத்திரம், பேங்க் கணக்கு என்று அலையும்போது சுவரில் மாட்டியிருக்கும் கொம்பு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால், இந்த 90 நாள் கணக்கு அப்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டப்படி கையில் இருந்த பொருளுக்குத்தான் சான்றிதழ் தர முடியும். தாத்தா எங்குமே பதிவு செய்யவில்லை என்றால், 'நான் வாரிசு' என்ற ஒரே காரணத்தால் அது சட்டபூர்வம் ஆகிவிடாது.

அறிவித்த பிறகு என்ன நடக்கும்?

அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம். என்ன பொருள், எத்தனை, எப்படி வந்தது என்று விசாரித்துப் பட்டியல் தயாரிப்பார். பொருளின் மேல் அடையாளக் குறி இடவும் சட்டம் அனுமதிக்கிறது. பட்டியலில் உள்ள பொருளும் வீட்டில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்று பின்னால் சரிபார்க்க அந்தக் குறிதான் ஆதாரம். அதை அழிப்பதும், போலியாக ஒன்று போடுவதும் சட்டத்துக்கு விரோதம்.

விசாரணையில் திருப்தி ஏற்பட்டால் 42-வது பிரிவின் கீழ் உரிமைச் சான்றிதழ் கிடைக்கும்.

சான்றிதழ் இருந்தால் விற்கலாமா?

கூடாது. 'உரிமை' என்ற சொல் இங்கே பலரைத் தடுமாற வைக்கிறது. நிலத்துக்குப் பட்டா மாதிரி இதை நினைக்காதீர்கள். சான்றிதழ் வைத்துக்கொள்ளத்தான், காசு பண்ண அல்ல. விற்பதும், விற்க முன்வருவதும் தடை. பழைய பொருட்கள் விற்கும் இணையதளத்தில் போட்டோ போட்டு விலை கேட்டாலே சிக்கல்.

நண்பர் கல்யாணத்துக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பதும் வேண்டாம். முதல் அட்டவணை விலங்கின் பொருளை, வாரிசாகப் பெறுவதைத் தவிர வேறு வழியில் ஒருவர் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே வம்பு.

வேலை மாறுதலில் வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறீர்களா? பொருளையும் எடுத்துச் சென்றால், 30 நாட்களுக்குள் புதிய இடத்தின் வன அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

'இனி இது வேண்டாம்' என்று தோன்றினால், அதற்கும் 2022 திருத்தம் வழி வைத்திருக்கிறது. சான்றிதழ் உள்ளவர் 7 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து பொருளை ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது; சான்றிதழ் ரத்தாகி, பொருள் மாநில அரசின் சொத்தாகிவிடும்.

மோகன்லால் வழக்கு என்ன சொல்கிறது?

2011-ல் நடிகர் மோகன்லாலின் கொச்சி வீட்டில் வருமான வரித்துறை சோதனை நடத்தியபோது யானைத் தந்தங்கள் கிடைத்தன. வனத்துறை வழக்கு பதிவு செய்தது. பின்னர் 2015-ல் கேரள அரசு, அவர் அந்தப் பொருட்களை அறிவிக்க வாய்ப்பளித்து உத்தரவிட்டது. அதன் அடிப்படையில் உரிமைச் சான்றிதழ்களும் கிடைத்தன.

2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்று அறிவித்தது. அரசின் உத்தரவு, சட்டம் சொல்லும் முறைப்படி அரசிதழில் வெளியிடப்படவில்லை என்பதே காரணம். முறைப்படி புதிதாக அறிவிக்கை வெளியிட அரசுக்குத் தடையில்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

பிரபலத்தின் கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது வந்த வழியும் சரியாக இருக்க வேண்டும் என்பதே இதில் உங்களுக்கான பாடம்.

மாட்டினால் தண்டனை என்ன?

முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். "ஃபைன் கட்டி முடிச்சுக்கலாமே?" என்றால், முடியாது. குறைந்தபட்ச சிறைத் தண்டனை உள்ள குற்றங்களைச் சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இன்னொன்று முக்கியம். பொருள் உங்களிடம் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், அது சட்டவிரோதமானது அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

"இது டூப்ளிகேட் நகம்" என்கிறீர்களா? இருக்கலாம். சந்தையில் போலி ஏராளம். ஆனால், அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆய்வகப் பரிசோதனைதான் சொல்லும். "இது ஆப்பிரிக்க யானைத் தந்தம், நம்ம ஊர் சட்டம் பொருந்தாது" என்ற வாதமும் நிற்காது. அழிந்துபோன மாமூத் யானையின் தந்த வணிகத்துக்கும் தடை பொருந்தும் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

பழைய தோலையும் புதிய தோலையும் கணக்கு வைக்காமல் விட்டால், இன்று கொன்ற புலியையும் 'தாத்தா சொத்து' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கணக்கும் குறியும் அதைத் தடுக்கத்தான். அரசே கூட இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. அசாம் அரசு, கருவூலங்களில் குவிந்திருந்த காண்டாமிருகக் கொம்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பதிவு செய்தது. 94 கொம்புகளைப் பாரம்பரியச் சின்னங்களாகவும், வழக்குகளில் தொடர்புடையவற்றைத் தனியாகவும் எடுத்து வைத்தது. மீதி 2,479 கொம்புகளை 2021 செப்டம்பர் 22 அன்று எல்லோர் முன்னிலையிலும் எரித்தது. ஏலம் விட்டிருந்தால் கோடிகள் கிடைத்திருக்கும். கூடவே கள்ளச் சந்தைக்கும் உயிர் வந்திருக்கும்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

* முதலில் காகிதத்தைத் தேடுங்கள். பீரோவில், பழைய டிரங்குப் பெட்டியில் உரிமைச் சான்றிதழ், 1972 அல்லது 2003 கால அறிவிப்பின் நகல், பழைய வேட்டை உரிமம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

* சான்றிதழ் இருந்தால், அதில் உள்ள விவரமும் பொருளும் பொருந்துகின்றனவா, குறி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் பெயர் உள்ளவர் இறந்து 90 நாட்கள் ஆகவில்லை என்றால், உடனே எழுத்தில் அறிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

* 90 நாட்கள் தாண்டிவிட்டாலோ, காகிதமே இல்லை என்றாலோ, வன வழக்குகள் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிவிட்டு மாவட்ட வன அலுவலகத்தை அணுகுங்கள். ஒப்படைத்தால் வழக்கே வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆனால், தானாக முன்வந்தவருக்கும், சோதனையில் பிடிபட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் மாநில அரசு ஒப்படைக்க அவகாசம் ஏதும் அறிவித்திருக்கிறதா, அது அரசிதழில் வந்ததா என்பதையும் கேளுங்கள்.

* எரிக்காதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள், பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். பிரச்சினை தீராது, சாட்சியத்தை அழித்தார் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

* வாங்கவே வாங்காதீர்கள். கோயில் வாசலிலோ, சுற்றுலாத் தலத்திலோ, "ஒரிஜினல் புலிநகம் சார்" என்று யாராவது நீட்டினால், அது போலி என்றால் பணம் போச்சு. நிஜம் என்றால் நிம்மதி போச்சு.

வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே இந்தப் பேச்சை எடுப்பது நல்லது. அந்தக் கொம்பு எங்கிருந்து வந்தது, யார் பெயரில் காகிதம் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குப் பிறகு, அதற்கான பதிலை வன அதிகாரிக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.