நூறாவும் சர்க்கரைப் பாகும்

உடலில் வளரும் வேண்டாத உரோமத்தைக் களைவது அழகு நிலையங்கள் கண்டெடுத்த புதுமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். இஸ்லாமிய நாகரிக வரலாற்றைப் புரட்டுவோமாயின், அது மார்க்கத்திலும் மருத்துவத்திலும் குளியல் மாடங்களிலும் இடம்பெற்ற பழைய செய்தி என்பதை அறிவோம்.

இயற்கை நெறியான ஃபித்ராவின் செயல்கள் ஐந்து என நபிமொழி எண்ணுகின்றது. விருத்தசேதனம், மறைவிட உரோமம் களைதல், அக்குள் உரோமம் பிடுங்குதல், நகம் வெட்டுதல், மீசை கத்தரித்தல் என்பன அவை. இவற்றுள் விருத்தசேதனம் நீங்கலான நான்கையும் நாற்பது இரவுகளுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்று எல்லை வகுக்கப்பட்டதை அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். பயணத்திலிருந்து திரும்புவோர் இரவில் திடுமென வீடு புகாது, மனைவியர் தலை வாரிக்கொள்ளவும் உரோமம் களையவும் அவகாசம் அளிக்க வேண்டும் என்பதும் ஜாபிர் (ரலி) வழி வரும் நபிமொழியாகும். தூய்மையோடு பிறர் மனத்தைப் பேணும் நயமும் இங்கே சேர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

இந்த நயத்துக்கு இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் வாழ்விலும் ஒரு சான்றுண்டு. ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) மறைந்த அவர்களைக் காண மாணவர் யூனுஸ் இப்னு அப்துல் அஃலா சென்றபோது, நாவிதர் ஒருவர் இமாமின் அக்குளை மழித்துக்கொண்டிருந்தார். பிடுங்குவதே நபிவழி என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், ஆயினும் அவ்வலியைத் தாங்க இயலவில்லை என்றும் இமாம் கூறினார்களாம். கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) இதனைப் பதிவு செய்துள்ளார்கள். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் தமிழ் முஸ்லிம்கள் பலருக்கும் இச்செய்தி ஆறுதல் அளிப்பதாகும். நோக்கம் தூய்மையே, உடலை வருத்துவதன்று.

மழித்தலுக்கும் பிடுங்குதலுக்கும் அப்பால் அரபு உலகம் அறிந்திருந்த மூன்றாம் வழி ‘நூறா’. சுட்ட சுண்ணாம்பையும் ‘ஸர்னீஃக்’ எனும் மஞ்சள் நிறக் கனிமத்தையும் நீரிற் குழைத்த களிம்பு இது. அக்கனிமத்தையே நம் சித்த மருத்துவர் தாளகம் என்றும் அரிதாரம் என்றும் வழங்கினர். பழந்தமிழில் சுண்ணாம்புக்கு ‘நூறு’ என்றொரு பெயர் உண்டு. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இரு சொற்களுக்கும் உறவு கூற நாம் துணியோம்.

ஹம்மாம் எனும் வெந்நீர்க் குளியல் மாடங்களில் நூறா பெரிதும் பயன்பட்டது. உதுமானியர் காலத்தில் இதே கலவை ‘ருஸ்மா’ எனப் பெயர் பெற்று ஐரோப்பியப் பயணிகளை வியக்க வைத்தது. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்து உருவாகும் காரப்பொருள், உரோமத்தின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை அறுத்துவிடும். இன்றைய உரோம நீக்கிக் களிம்புகளும் வேறு வேதிப்பொருள்களைக் கொண்டு அப்பிணைப்புகளையே அறுக்கின்றன.

நூறாவின் தோற்றத்தைச் சுலைமான் நபி (அலை) காலத்தோடு இணைக்கும் கதையொன்று தஃப்ஸீர் நூல்களில் உண்டு. ஸபா நாட்டு அரசியின் காலில் இருந்த உரோமத்தைப் போக்க ஜின்கள் அதனைச் செய்தளித்தனவாம். சூரா அந்நம்லின் 44ஆம் வசனமோ, பளிங்குத் தளத்தை நீரென எண்ணி அவர் கணைக்கால்களை வெளிப்படுத்தியதை மட்டுமே கூறுகின்றது. உரோமம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய செய்திகள் வேதக்காரர்களிடமிருந்து வந்தவை என்று இப்னு கஸீர் (ரஹ்) கண்டித்திருப்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

நூறாவில் ஒரு கேடுண்டு. தாளகம் ஆர்சனிக் கலந்த நஞ்சு. சுட்ட சுண்ணாம்போ தோலைப் புண்ணாக்குவது. பழமையானது, இயற்கையிற் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்னும் ஃபிக்ஹு விதி இங்கும் பொருந்தும்.

மென்மையான வழியாக அரபுப் பெண்டிர் போற்றியது சர்க்கரைப் பாகு. எகிப்தில் இதனை ‘ஹலாவா’ என்பர். கரும்புப் பயிரை எகிப்து, சிரியா, அந்தலூசியா வரை பரப்பியவர்கள் முஸ்லிம்கள். ‘ஸுக்கர்’ எனும் அரபுச் சொல்லும் நம் ‘சர்க்கரை’யும் ஒரே வடமொழி வேரிலிருந்து கிளைத்தவை. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சிறிது நீர் ஆகிய மூன்றே இதற்குப் போதும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை உடைத்து, பாகு மீண்டும் படிகமாகாது தடுக்கின்றது. பொன்னிறமாகக் காய்ச்சி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் பிசைந்து, தோலில் அழுத்தி இழுப்பர். எஞ்சியது வெறும் நீரிலேயே கரைந்துவிடும். சூடு தணியாத பாகு தோலைச் சுட்டுவிடும் என்பதால் அவசரம் ஆகாது. புண்ணுள்ள தோலில் இதனைத் தவிர்க்க வேண்டும். பருவுக்கு ரெட்டினாய்டு வகை மருந்து கொள்வோரும் அவ்வாறே.

நூலால் முக உரோமம் களைவது மற்றொரு முறை. இங்குதான் மார்க்க வினா கூர்மை அடைகின்றது. புருவம் பிடுங்குவோரைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) வழி வரும் எச்சரிக்கை கடுமையானது. பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் நீக்கலாகாது என்றார்கள் கி.பி. 923இல் மறைந்த தபரீ (ரஹ்). அதனை நீக்குவது விரும்பத்தக்கதே என்றார்கள் நவவி (ரஹ்). படைப்பை மாற்றுவது எது, இடரைப் போக்குவது எது என்பதிலேயே இருவரும் வேறுபட்டனர்.

பெண் முகத்தில் திடீரென அடர்ந்து வளரும் உரோமம் இயக்குநீர்க் கோளாற்றின் அறிகுறியாகலாம் என மருத்துவம் இன்று கூறுகின்றது. அத்தகைய பெண்ணுக்கு வேண்டுவது ஏளனமன்று. மருத்துவரின் ஆலோசனையும் வீட்டாரின் ஆதரவும் ஆகும். மஞ்சளும் கடலை மாவும் வேரோடு அழித்துவிடும் என்னும் விளம்பரங்களுக்கு உறுதியான சான்றில்லை.

ஃபித்ரா நமக்கு வகுத்தது தூய்மையின் எல்லையை; அங்காடி விதிப்பதோ எல்லையற்ற அழகின் சுமையை. முன்னதைப் பேணி, பின்னதை நம் பெண்மக்களின் தோளிலிருந்து இறக்கிவைப்போம். மழிப்பதா பிடுங்குவதா என்பதை, இமாம் ஷாஃபி (ரஹ்) செய்ததைப் போல, அவரவர் உடல் தாங்கும் அளவைக் கொண்டு முடிவு செய்வோமாக.