நாறாத கல்லின் பெயர்

நாட்டுமருந்துக் கடையில் நெல்லிக்காய்க் கந்தகம் என்று கேட்டால், நெல்லிக்கனியின் சாயலில் மினுங்கும் மஞ்சள் கட்டியை எடுத்துத் தருவார்கள். வாணக் கந்தகம் என்பது வெடிமருந்துக்குப் போகும் சரக்கு. சித்த மருத்துவ நூல்கள் கெந்தகம் என்று எழுதும்; கெந்தி என்று சுருக்கியும் சொல்லும். எல்லாவற்றுக்கும் வேர் வடமொழியின் ‘கந்தம்’. மணம் என்று பொருள். கோயிலில் சாத்தும் சந்தனக் குழம்புக்கும் அதே கந்தம்தான் பெயர். நறுமணம், துர்மணம் இரண்டையும் ஒரே சொல் தாங்கிய காலம் தமிழிலும் உண்டு. பூவின் மணத்தை நாற்றம் என்று சொன்ன மொழி இது. அந்தச் சொல் பிற்காலத்தில்தான் கெட்ட வாடைக்கு ஒதுங்கியது. ஆக, கந்தகம் என்றால் மணமுடையது, நாறுவது. ஆனால் தூய கந்தகக் கட்டியை மூக்கருகே பிடித்துப் பார்த்தால் வாடை ஏதும் வராது. லேசாக ஏதாவது வீசினால், காற்றும் ஈரமும் பட்டு மேற்பரப்பில் உண்டான வேறு சேர்மங்களின் வேலை அது. கந்தகம் மணமற்ற தனிமம் என்றுதான் வேதியியல் நூல்களும் சொல்கின்றன. நாறாத கல்லுக்கு ‘நாறுவது’ என்று ஏன் பெயர் வந்தது?

மற்ற மொழிகள் இந்தக் கல்லை நெருப்பை வைத்தே அடையாளம் கண்டன. ஆங்கிலத்தின் பழைய பெயரான பிரிம்ஸ்டோன் எரிகல் என்று பொருள்படும். கிரேக்கர் ‘தெயோன்’ என்றார்கள். அந்தச் சொல்லைப் புகையோடு இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. ஓமரின் காவியத்தில் ஒடிசியஸ் தன் வீட்டைத் தூய்மை செய்யக் கொளுத்துவதும் இதைத்தான். லத்தீனின் சல்ஃபர், வடமொழியின் ‘சுல்வாரி’யிலிருந்து பிறந்தது என்று ஒரு விளக்கம் பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சுல்வம் செம்பு, அரி பகை, ஆகவே செம்பின் பகைவன் என்று பிரிப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது; ஆனால் ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. லத்தீன் சொல்லின் பழைய வடிவம் சல்ப்பூர்; ஜெர்மானிய மொழிகளிலோ ஷ்வேஃபெல் போன்ற சொற்கள் தனியாக வழங்குகின்றன. எப்படியானாலும், கண்ணையும் நெருப்பையும் விட்டுவிட்டு மூக்கை வைத்து இந்தக் கல்லுக்குப் பெயரிட்டது நம் பக்கத்து மரபு. அது தவறான பெயர் என்று ஒதுக்குவோரை நான் ஏற்கவில்லை. கந்தகம் என்ற சொல் ஒரு பொருளின் பெயராகத் தோன்றினாலும், அதற்குள் இருப்பது ஒரு மாற்றம். கந்தகம் மாறும்போதுதான் நாறுகிறது. எரியும்போதும் எரிமலையிலும் தவிர, அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் உயிர்களே செய்கின்றன.

அடுக்களையில் இதை நேராகப் பார்க்கலாம். உரிக்காத பூண்டுப் பல் ஒன்றைக் கையில் எடுத்தால் வாடை மிகக் குறைவு. அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் அடுத்த நொடியே காரமான மணம் எழுகிறது. பூண்டின் உயிரணுவில் அல்லியின் என்ற மணமற்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அதைப் பிளக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. தட்டியதும் இடையிலுள்ள சுவர் கிழிந்து இரண்டும் கலக்க, அல்லிசின் உண்டாகிறது. 1944இல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் கவலிட்டோவும் பெய்லியும். முழுப் பல்லை நெருப்பில் சுட்டால் நொதி முதலில் செத்துவிடுவதால் அந்தக் காரம் வருவதே இல்லை. கடுகும் அப்படித்தான். முழுதாகக் கிடக்கும் வரை சாது. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். கடிக்க வரும் பூச்சிக்குத் தாவரம் வைத்திருக்கும் ஆயுதம் இது.

இந்தச் சரக்குகளைத் தமிழ் எப்படி வகைப்படுத்தியது என்பதும் கவனிக்கத்தக்கது. காயம் என்றால் உறைப்பு என்று அகராதி சொல்கிறது. வெங்காயம், பெருங்காயம் இரண்டிலும் அந்தச் சொல் இருக்கிறது; இரண்டின் வாடைக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். ஐங்காயம் என்று கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகியவற்றைப் பழைய அகராதிகள் எண்ணுகின்றன. உள்ளி என்றால் யாழ்ப்பாணத்தில் இன்றும் பூண்டுதான். ஐந்தில் மூன்று கந்தகத்தால் மணப்பவை. நம் முன்னோர் கந்தக வேதியியலை அறிந்திருந்தார்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. ஓமத்தின் மணம் தைமாலால் வருவது, கந்தகத்துக்கு அதில் பங்கில்லை. வெந்தயத்தின் மணமும் வேறு வகை. ஐங்காயம் என்ற தொகுப்பு மூக்கும் நாக்கும் செய்த வகைப்பாடு. ஆனால் மூக்கு தன் போக்கில் வகைப்படுத்தியபோதும் மூன்று கந்தகத் தாவரங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன என்பது, கந்தகத்தைப் பிடிப்பதில் மனித மூக்கு எவ்வளவு கூர்மையானது என்பதற்குச் சான்று.

எதிர்ப்பக்கச் சான்று இதைவிட வலுவானது. அதே நாட்டுமருந்துக் கடையில் படிகாரம், அன்னபேதி, மயில்துத்தம், கற்பூர சிலாசத்து எல்லாம் இருக்கும். நான்குமே சல்ஃபேட்டுகள்; கற்பூர சிலாசத்துதான் ஜிப்சம். நான்கிலும் கந்தகம் உண்டு, நான்கின் பெயரிலும் கந்தகம் என்ற சொல் இல்லை. காரணம், சல்ஃபேட் நாறாது. கந்தக அணு தன் எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் முற்றிலும் விட்டுக்கொடுத்த நிலை அது. அமைதியாக நீரில் கரைந்து கிடக்கும். அங்கிருந்து சல்ஃபைடு நிலைக்குக் கொண்டுவர ஓர் அணுவுக்கு எட்டு எலெக்ட்ரான்கள் தர வேண்டும். அந்தச் செலவைச் செய்ய உடம்பில் ஏற்பாடு வேண்டும். தாவரங்களிடம் அது இருக்கிறது. வேர் வழியே சல்ஃபேட்டை உறிஞ்சி, படிப்படியாக ஒடுக்கி, சிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக்குகின்றன. அதிலிருந்து மெத்தியோனின் பிறக்கிறது. விலங்குகளுக்கு அந்த வழி இல்லை. எவ்வளவு சல்ஃபேட் குடித்தாலும் நம் உடல் அதை மெத்தியோனினாக மாற்றாது. சோற்றிலும் பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் வந்தாக வேண்டும். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அந்தக் குறை இல்லை. அரிசியில் குறையும் லைசினை உளுந்தும் துவரையும் ஈடு செய்கின்றன. இட்லி மாவின் சேர்க்கையில் கந்தகக் கணக்கும் அடங்கியிருக்கிறது. நிலக்கடலைக்கு 40, 45ஆம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் உழவர், காய் திரளச் சுண்ணாம்புச் சத்தையும் எண்ணெய்க்கும் புரதத்துக்கும் கந்தகத்தையும் ஒருங்கே தருகிறார். மணமற்ற அந்த வெள்ளைத் தூள் செடிக்குள் போய்ப் புரதமாகிறது.

தாவரம் தன் தேவைக்கு மட்டும் ஒடுக்குகிறது. சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதையே மூச்சாகக் கொண்டிருக்கின்றன. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல அவை சல்ஃபேட்டைச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன. 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்யரிங்க் இவற்றை முதலில் பிரித்துக் காட்டினார். கரையோரக் கடற்சேற்றில் மட்கும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழ பாதியை இவையே தின்று தீர்க்கின்றன. கழிமுகச் சேற்றைக் கிளறினால் கூமுட்டை வாடை வருவதும், மேல்தோலுக்குக் கீழே சேறு மைபோல் கறுத்திருப்பதும் இவற்றால்தான். கறுப்பு, இரும்பு சல்ஃபைடின் நிறம். எதிர்த்திசையில் வேலை செய்யும் கூட்டமும் உண்டு. 1887இல் வினோகிராட்ஸ்கி, ஸ்ட்ராஸ்பூர்க்கில் பெக்கியடோவா என்ற இழை பாக்டீரியாவை ஆராய்ந்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த நீரில் வைத்தால் அதன் உடலுக்குள் கந்தகத் துளிகள் நிரம்பின. அந்த வாயு இல்லாத நீருக்கு மாற்றினால் துளிகள் கரைந்து மறைந்தன. கந்தகத்தை எரித்து அந்த ஆற்றலில் அது வாழ்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சூரிய ஒளியும் பிற உயிரின் உணவும் இல்லாமல், கனிமப் பொருளைக் கொண்டே வாழ முடியும் என்ற கருத்து அங்கிருந்துதான் தொடங்கியது. 1997இல் நமீபியக் கடற்கரைக்கு அப்பால் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா வெறுங்கண்ணுக்குத் தெரியும் பருமன் கொண்டது. முக்கால் மில்லிமீட்டர் வரை வளரும். உள்ளிருக்கும் கந்தகத் துளிகளில் ஒளி பட்டு வெண்முத்துப் போல மின்னியதால் தயோமார்கரிட்டா, அதாவது கந்தக முத்து, என்று பெயரிட்டார்கள். கிரேக்கத் ‘தெயோன்’ இப்படிப் பாக்டீரியாவின் பெயரில் மட்டுமல்லாமல், மெத்தியோனினிலும் தயமின் என்ற வைட்டமினிலும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கந்தகம் என்று பெயர் வைத்தவர்கள் சேற்றையும் பாக்டீரியாவையும் நினைத்து வைக்கவில்லை. கல்லைக் கொளுத்தினார்கள், மூச்சு முட்டும் புகை வந்தது, பெயர் வந்தது. இதில் உயிருக்கு என்ன பங்கு? பெயரிட்டவர் மனத்தில் இருந்தது எரியும் புகை என்பதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. லடாக்கின் பூகா வெந்நீரூற்றருகே கிடக்கும் கந்தகமும், இந்தோனேசியாவின் எரிமலை வாயில் தொழிலாளர் சுமந்து வரும் கந்தகமும் பூமியின் சூட்டில் பிறந்தவை. அங்கே பாக்டீரியாவைத் தேட வேண்டியதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையை ஆண்ட சிசிலியின் கந்தகமும், 1894இல் ஃப்ராஷ் கொதிநீரைச் செலுத்தி உருக்கி எடுக்கத் தொடங்கிய லூசியானாவின் கந்தகமும் வேறு கதை. அங்கே ஜிப்சப் பாறையின் சல்ஃபேட்டைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக ஒடுக்கின. அது பின்னர் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சள் கல்லாகப் படிந்தது. இதற்குச் சாட்சி அணு எடை. கந்தகத்தின் 32, 34 என்ற இரு ஐசோடோப்புகளில் இலேசானதைப் பாக்டீரியா விரும்பி எடுக்கும். அந்தத் தேர்வின் தடம் கல்லில் பதிந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 347 கோடி ஆண்டு வயதுள்ள பாறையிலும் அதே தடத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே மாற்றத்தின் பெயரைப் பெற்ற கல்லிலேயே பெரும்பங்கு உயிர்கள் மாற்றிச் செய்தது. பெயரிட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

இன்னொரு மறுப்பு உடலுக்குள்ளிருந்து வரும். வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 140 கிராம் கந்தகம் இருக்கிறது. தலைமுடியின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு கந்தகம். முடி நாறுகிறதா? புரத இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பிணைத்திருக்கும் வரை நாறாது. அதனால்தான் வேதியியலாரே ஏமாந்தார்கள். 1810இல் வொல்லஸ்டன் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றில் புதிய பொருளைக் கண்டார். சிறுநீர்ப்பைக்குரிய கிரேக்கச் சொல்லை வைத்து அது சிஸ்டைன் ஆயிற்று. அதில் கந்தகம் இருப்பதை 1837 வரை யாரும் கவனிக்கவில்லை. பின்னர் 1899இல் கொம்பின் புரதத்திலிருந்தும் அது கிடைத்தது. பையின் பெயரோடு பிறந்த பொருள் உடல் முழுவதும் புரதங்களில் பரவியிருப்பது அப்போதுதான் தெரியலாயிற்று. அமைதியாக இருந்த கந்தகத்தை மூக்கால் கண்டுகொள்ள வழியில்லை. ஆனால் முடியைக் கருக்கினாலோ, முட்டையை அதிகம் வேகவைத்தாலோ பிணைப்பு உடைகிறது. வெள்ளைக்கருவின் கந்தகம் வாயுவாகி மஞ்சள் கருவின் இரும்பைத் தொடும் இடத்தில் சாம்பல் பச்சை வளையம் ஒன்று தெரியும். சேற்றைக் கறுக்க வைத்த அதே இரும்பு சல்ஃபைடுதான் அது.

சித்தர் மரபு கந்தகத்தைத் தனியே பேசுவது குறைவு. இரசத்தோடு சேர்த்தே பேசும். இரசம் சிவம், கந்தகம் சக்தி. ஓடித் திரியும் பாதரசத்தைக் கட்டுவது கந்தகத்தின் தொழில். கல்வத்தில் இரண்டையும் இட்டு அரைக்க அரைக்க வெள்ளி மினுக்கு அடங்கிக் கறுப்புத் தூளாகும். முறைப்படி எரித்துப் பதங்கித்தால் சிவந்த செந்தூரமாகும். அந்த மரபை அறியாத டென்மார்க்கின் ட்ஸைஸ, 1834இல், கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கரிமப் பொருள் பாதரசத்தை உடனே பற்றிக்கொள்வதைக் கண்டு, ‘பாதரசம் பிடிப்பது’ என்ற பொருளில் மெர்காப்டன் என்று பெயரிட்டார். இரண்டு மரபுகள் ஒரே குணத்தைப் பார்த்திருக்கின்றன. அந்தக் குணம் நம் உடலிலும் வேலை செய்கிறது, தீமையாக. சிஸ்டீனின் நுனியில் இருப்பதும் மெர்காப்டன் தொகுதியே. உடலுக்குள் வரும் பாதரசம் அதைப் பற்றி நொதிகளை முடக்குகிறது. கட்டப்பட்ட இரசம் நஞ்சற்றது என்று நம்பி, சோதிக்காத மருந்தை உண்பது ஆபத்து என்பதைச் சித்த மருத்துவத்தை மதிப்பவர்கள்தான் உரக்கச் சொல்ல வேண்டும். கன உலோக நஞ்சுக்கு இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் உருவான முறிவு மருந்தும் இரு மெர்காப்டன் கைகள் கொண்டது. சிஸ்டீனிடமிருந்து உலோகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாடை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் கலப்பது எத்தில் மெர்காப்டன். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும். இந்தக் கூர்மை எப்படி வந்தது என்பதற்கு 2016இல் ஒரு விடை கிடைத்தது. மனித மூக்கில் இத்தகைய சிறு மெர்காப்டன்களைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒன்று, செம்பு அயனி உடன் இருந்தால்தான் வலுவாக விழித்துக்கொள்கிறது. லத்தீன் சொல்லுக்கு வேராகச் சுல்வாரியைக் காட்டுவது தவறுதான்; ஆனால் கந்தகத்துக்கும் செம்புக்கும் இடையே அந்த வடமொழிப் பெயர் கண்ட பிணக்கும் பிணைப்பும் மெய். உலைக்களத்தில் செம்பைக் கறுக்கடிக்கும் அந்த ஈர்ப்பைக் கொண்டே மூக்கு கந்தகத்தைக் கண்டுகொள்கிறது.