பரங்கிக்காய்ப் பை

பரங்கிக்காய்ப் பை அல்லது பம்ப்கின் பை என்பது வட அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் பெரிதும் உண்ணப்படும் ஓர் இனிப்புப் பண்டமாகும். மசித்த பரங்கிக்காய், முட்டை, பால், சர்க்கரை, நறுமணப் பொருட்கள் ஆகியவற்றைக் கலந்து, கோதுமை மாவினாலான ஓட்டில் ஊற்றி, ஓவனில் சுட்டு இது செய்யப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையும், கனடாவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையும் கொண்டாடப்படும் நன்றியறிதல் நாள் விருந்தின் இறுதியில் இது பரிமாறப்படுவது மரபு. காய்கறியில் செய்யப்படுவதால் இதனை எளிய உணவு எனப் பலர் கருதுவதுண்டு. ஆனால் இதன் ஆற்றலில் காயின் பங்கு மிகச் சிறியது. வான்கோழி இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு முதலியவற்றை உண்டு முடித்த பின்னர் வருவதால், இதன் அளவும் சேர்மானமும் கவனத்துக்குரியன.

காய்

தமிழில் பூசணி என்னும் சொல் இடத்துக்கு இடம் வெவ்வேறு காய்களைக் குறிக்கும். இப்பண்டத்துக்குப் பயன்படுவது மஞ்சள் சதையுடைய பரங்கிக்காய். கூட்டுக்கும் திருஷ்டி கழிக்கவும் பயன்படும் சாம்பல் பூசணி வேறு பேரினத்தைச் சேர்ந்தது. பரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இக்காய் வெளியிலிருந்து வந்தது என்பதை அப்பெயரே காட்டுகிறது.

அமெரிக்காவில் இப்பண்டம் பெரும்பாலும் டின்னில் அடைத்த மசியலைக் கொண்டே செய்யப்படுகிறது. லிப்பிஸ் நிறுவனத்தின் மசியல், குகர்பிட்டா மாஸ்கேட்டா இனத்தைச் சேர்ந்த டிக்கின்சன் என்னும் வகையிலிருந்து பெறப்படுகிறது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் பரங்கியும் பெரும்பாலும் அதே இனம்தான். ஆகவே டின் கிடைக்காத இடங்களில் உள்ளூர்க் காய் தாராளமாக ஈடுகொடுக்கும். மாறாக, ஹாலோவீன் நாளில் குடைந்து விளக்கேற்றப்படும் பெரிய காய்கள் நீர்த்தும் நாராகவும் இருப்பதால் சமையலுக்கு அவ்வளவாக ஏற்றவையல்ல.

வரலாறு

1621இல் பிளிமத் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்தில் பரங்கிக்காய் இருந்திருக்கலாம். கோதுமை மாவும் வெண்ணெயும் அரிதாயிருந்த அவ்வூரில் இன்றைய வடிவிலான பை இருந்திருக்க வாய்ப்பில்லை. 1796இல் வெளியான அமெலியா சிம்மன்சின் 'அமெரிக்கன் குக்கரி' நூலில், மாவோட்டில் சுடப்படும் பரங்கிக்காய்ப் புட்டிங்கின் செய்முறை இடம்பெற்றது. நன்றியறிதல் நாளைத் தேசிய விடுமுறையாக்கப் பாடுபட்ட சாரா ஜோசப்பா ஹேல், 1827இல் எழுதிய 'நார்த்வுட்' புதினத்தில் அவ்விருந்தை வருணிக்கும்போது இப்பண்டத்தையும் குறிப்பிடுகிறார்.

நறுமணம்

பரங்கிக்காய்க்கெனத் தனித்த வலுவான சுவை இல்லை. இப்பண்டத்தின் சுவை என்று மக்கள் நினைவில் வைத்திருப்பது இலவங்கப்பட்டை, இஞ்சித்தூள், சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் மணமே. மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் இவற்றை ஒரே கலவையாக விற்கத் தொடங்கியது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003இல் அறிமுகப்படுத்திய பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே என்னும் காப்பியில், 2015 வரை பரங்கிக்காயே சேர்க்கப்படவில்லை! சமையல் நோக்கில் இது பயனுள்ள செய்தியாகும். விழாக்காலச் சுவையைத் தரும் பொருட்களில் ஆற்றல் ஏறக்குறைய இல்லை. ஆற்றலைத் தரும் பொருட்களைக் குறைத்தாலும் அச்சுவை பெரும்பாலும் தங்கிவிடும்.

ஆற்றல் கணக்கு

9 அங்குலத் தட்டில் செய்யப்படும் வழக்கமான பை ஒன்றில் 425 கிராம் மசியல், இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் வற்றிய பால் ஆகியவை சேரும். இவற்றுள் மசியல் தருவது ஏறத்தாழ 145 கிலோகலோரி மட்டுமே. முட்டைகளும் ஏறக்குறைய அவ்வளவே தரும். பாலின் பங்கு 500, சர்க்கரையின் பங்கு 600. வெண்ணெய் அல்லது பிற கொழுப்புச் சேர்த்த மாவோடு, செய்முறையைப் பொறுத்து, 950 அல்லது அதற்கு மேலும் தரும். மொத்தம் ஏறத்தாழ 2350 கிலோகலோரி. இதை எட்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 300ஐ ஒட்டியும், ஆறாக வெட்டினால் 390ஐ ஒட்டியும் வரும். மேலே வைக்கும் அடித்த பாலேடு இதில் சேரவில்லை.

எட்டில் ஒரு துண்டில் சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 19 கிராம் உள்ளது. அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்குப் பரிந்துரைக்கும் ஒரு நாள் உச்ச அளவு 25 கிராம் என்பதை இதனுடன் ஒப்பிடலாம். அதே துண்டில், ஒரு நாள் தேவையில் பாதியளவு உயிர்ச்சத்து ஏயாக மாறக்கூடிய கரோட்டினும் உண்டு.

குறைக்கும் முறைகள்

துண்டைச் சிறிதாக்குவது எளிய வழி. ஆனால் அதனால் சர்க்கரையோடு கரோட்டினும் நார்ச்சத்தும் சேர்ந்தே குறைகின்றன. மாவோட்டை விட்டுவிடுவதே இதைவிடப் பயனுள்ளது. கலவையை எட்டுச் சிறிய பீங்கான் கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டால் ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 175 கிலோகலோரி ஆகிறது. சர்க்கரையை அரை கப்பாகக் குறைத்து, கொழுப்பு நீக்கிய வற்றிய பாலைப் பயன்படுத்தினால் அது 125ஐ ஒட்டி இறங்கும். காயின் அளவோ மாறுவதில்லை. கத்தியால் வெட்டும்போது துண்டுகள் வேறுபடும்; கிண்ணத்தில் பங்கு முன்னரே வரையறுக்கப்பட்டுவிடுகிறது.

சர்க்கரைக்குப் பதிலாகத் தேனோ மேப்பிள் பாகோ சேர்ப்பதனால் பெரிய நன்மை ஏதுமில்லை, அவையும் சர்க்கரைகளே. மசியலை வாணலியில் கிளறி நீரை வற்றவைத்து, இலேசாக நிறம் மாறவிட்டுச் சேர்ப்பது, குறைந்த சர்க்கரையிலும் இனிப்பை எடுத்துக்காட்டும். கடைகளில் அருகருகே இருக்கும் வெறும் மசியல் டின்னும் சர்க்கரை கலந்த பை கலவை டின்னும் தோற்றத்தில் ஒத்திருக்கும். பின்னதை எடுத்துவிட்டால் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

இக்கலவை கெட்டிப்படுவதற்குக் காரணம் முட்டையிலுள்ள புரதம் வெப்பத்தில் இறுகுவதாகும். சர்க்கரை இவ்விறுக்கத்தைத் தாமதப்படுத்தும். எனவே சர்க்கரை குறைந்த கலவை சற்று முன்னதாகவே வெந்துவிடும். மரபான நேரத்தை அப்படியே பின்பற்றினால் திரிந்து நீர்விடக்கூடும். கிண்ணங்களைச் சுடுநீர் ஊற்றிய தட்டில் வைத்து, 175 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுவது வழக்கம். ஓரம் இறுகி நடுப்பகுதி மட்டும் இலேசாக ஆடும்போது, அதாவது உள்வெப்பம் 80 பாகையை நெருங்கும்போது, வெளியே எடுத்துவிட வேண்டும். எஞ்சிய சூட்டில் நடுவும் இறுகிவிடும்.

பாதுகாத்தல்

முட்டையும் பாலும் சேர்ந்திருப்பதால், சுட்ட பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதை வெளியில் வைத்திருத்தல் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் மூன்று அல்லது நான்கு நாட்கள் வரை கெடாது. மாவோடு இல்லாத கிண்ணங்களில் நமத்துப்போக ஏதும் இல்லையாதலால், விருந்துக்கு முதல் நாளே இவற்றைச் செய்துவைக்க முடியும்.